கணக்கு டீச்சர் இல்லாத பள்ளிக்கு யாரை அனுப்புவது?

பி.எட். கல்லூரி ஆசிரியர்களிடம் எந்தப் பொறுப்பு உங்களுக்கு வேண்டாம் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேராவது கற்பித்தல் பயிற்சிப் பொறுப்பைச் சொல்வார்கள், அதாவது பி.எட். மாணவர்களைப் பாடம் நடத்திப் பழகப் பள்ளிகளுக்கு அனுப்பும் வேலை. எங்கள் கல்லூரியில் அது என்னிடம் இருக்கிறது. தேர்வுப் பொறுப்பில் வேலை அதிகம், ஆனால் விடைத்தாள் போன் பண்ணாது. இதில் எல்லாரும் போன் பண்ணுவார்கள். எந்தப் பள்ளிக்கு யார் என்ற பட்டியலை ஒட்டிய அன்று மாலையே ஆரம்பித்துவிடும். "சார், தேவகோட்டைப் பக்கம் போட்டுக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்." "சார், கைக்குழந்தை இருக்கு." "சார், ஆவணியில கல்யாணம் வச்சிருக்காங்க, மாப்பிள்ளை வீடு புதுவயல், அங்கேயே ஒரு ஸ்கூல் பாருங்க." ஒரு தடவை மாமியார் ஒருவரே பேசினார். மருமகளுக்கு ரெண்டு பஸ் மாற வேண்டியிருந்தால் பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வீட்டில் ஆள் இல்லை என்றார். நியாயம்தான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகு, எங்கள் பிள்ளைகளின் மனசில் செட்டிநாட்டு வரைபடமே மாறிப் போயிருக்கிறது. பள்ளத்தூர் கிட்டவா, கல்லல் தூரமா என்பதெல்லாம் அப்புறம். டவுன் பஸ் போகிறதா, முதல் மணி அடிப்பதற்குள் இறக்கிவிடுமா என்பதுதான் முதல் கேள்வி. எங்களிடம் படிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதக்கணக்கில் தினமும் மொபசல் பஸ்ஸுக்குக் காசு எடுத்துவைப்பது சில வீடுகளில் பெரிய விஷயம். ஆகவே பஸ் பார்த்துப் பள்ளி ஒதுக்குவதை நான் கேலி செய்ய மாட்டேன்.

கேலி செய்ய வேண்டியது வேறு ஒன்று. செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. காரைக்குடியும் தேவகோட்டையும் சிவகங்கையில், ராயவரமும் பொன்னமராவதியும் புதுக்கோட்டையில். எனவே இரண்டு முதன்மைக் கல்வி அலுவலகங்களுக்கும் கடிதம் போக வேண்டும். அங்கிருந்து செயல்முறைகள் என்ற அனுமதி உத்தரவு வரும், அதன் நகலை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் தலைமையாசிரியர் அறை வாசலில் போய் நிற்பார்கள். அந்தத் தாளில் மாணவர் பெயர், அவருடைய பாடம், பள்ளியின் பெயர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதெல்லாம் இருக்கும். "பள்ளியின் அன்றாடப் பணிகளுக்கு இடையூறு இன்றி" என்று ஒரு வரியும் தவறாமல் இருக்கும். யாரிடம் போய்க் கற்றுக்கொள்ளப் போகிறார் என்பது மட்டும் எங்கேயும் இருக்காது. ஒருவரை ஒரு கட்டடத்துக்கு அனுப்பிவைக்கிறோம். உள்ளே எந்த ஆசிரியரின் வகுப்பில் உட்காருவார் என்பதை அங்கே போய் அவரே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

விருந்தாளி வேலைக்காரர் ஆன கதை

பழைய ஓராண்டு பி.எட்.டில் கற்பித்தல் பயிற்சி என்றால் நாற்பது நாள். அந்த நாற்பது நாளும் பயிற்சி ஆசிரியர், அதாவது பயிற்சிக்கு வந்த பி.எட். மாணவர், ஒரு விருந்தாளி. சார்ட் மாட்டுவார், சுருட்டி எடுத்துப் போவார். அவர் வந்து போனதால் கால அட்டவணையில் ஒரு கோடும் மாறாது. 2014-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் புதிய விதிமுறைகளைக் கொண்டுவந்தது. 2015-இல் இருந்து படிப்பு இரண்டு ஆண்டு ஆனது. பள்ளியில் இருக்க வேண்டிய காலம் மொத்தம் இருபது வாரம்: முதல் ஆண்டில் நான்கு, இரண்டாம் ஆண்டில் பதினாறு. நான் இதை வரவேற்கிறவன். நாற்பது நாளில் பிள்ளைகளின் பெயர்கூட மனசில் நிற்காது. ஒரு பாடத்தைத் தொடங்கி, நடத்தி, அடைவுத்தேர்வு வைத்து, யார் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்று பார்க்க வேண்டுமானால் பதினாறு வாரமே கொஞ்சம் இழுத்துப் பிடித்தால்தான் காணும்.

ஆனால் ஒருவர் பதினாறு வாரம் இருக்கப் போகிறார் என்றால் தலைமையாசிரியரின் பார்வை மாறிவிடும். ஆகஸ்டில் வருகிறவர் அரையாண்டுத் தேர்வு வரைக்கும் இருப்பார். அவரை நம்பிக் கால அட்டவணை போடலாம். விருந்தாளிக்கு அரிவாளும் கையுமாக வயலில் இறங்கும் நிலைமை. இதில் பள்ளிகளைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. பொது மாறுதல் கலந்தாய்வு முடிந்தால் காரைக்குடி டவுனுக்குள் இருக்கும் இடங்கள் நிரம்பும், உள்ளே தள்ளி இருக்கும் ஊர்களில் இடம் காலியாகும். அந்த இடத்துக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியரைப் போட்டுக்கொள்ளலாம் என்று 2022-இல் அரசு வழி செய்தது. பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய், பிறகு அதை 15,000 ஆக்கினார்கள். கணக்கில் பட்டம் பெற்று பி.எட்.டும் முடித்த ஒருவர் காரைக்குடியில் வீட்டில் உட்கார்ந்து டியூஷன் எடுத்தாலே அந்தப் பணம் வந்துவிடும். இரண்டு பஸ் மாறிப் போக யார் இருக்கிறார்கள்? தமிழுக்கும் சமூக அறிவியலுக்கும் ஆள் கிடைத்துவிடும். கணக்குக்குத்தான் தட்டுப்பாடு. பி.எட். மாணவருக்கோ அந்தப் பணமும் கொடுக்க வேண்டாம்.

கல்லல் பக்கத்திலிருந்து ஒரு போன்

கல்லல் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. பெயர் வேண்டாம். நன்றாக நடக்கிற பள்ளி, தலைமையாசிரியை அந்த வட்டாரத்திலேயே மரியாதைக்குரியவர். அவர் போன் பண்ணினார். "சார், ஜூன்லேர்ந்து கணக்குக்கு ஆள் இல்லை. இருந்தவர் மாறுதல்ல போயிட்டாரு. சயின்ஸ் டீச்சர் ஏழாப்பு வரைக்கும் பார்த்துக்கிறாங்க. பத்தாப்புக்கு நானே போறேன், எனக்கு மேஜர் இங்கிலீஷு. நீங்க ரெண்டு மேத்ஸ் பிள்ளைகளைக் குடுங்க சார், என் மகள் மாதிரி பார்த்துக்கிறேன்." சொல்லிவிட்டு, "இல்லைன்னா சொல்லிடுங்க, நான் வேற காலேஜ்ல கேக்குறேன்" என்றும் ஒரு வார்த்தை போட்டார். அதுவும் தெரிந்தவர்தான்.

எங்கள் ஆசிரியர் அறையில் அன்று நடந்த விவாதத்தை அப்படியே எழுத முடியாது. ஒரு நண்பர், இதில் யோசிக்க என்ன இருக்கிறது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கு டீச்சர் முகத்தையே பார்க்காமல் பொதுத்தேர்வுக்குப் போகிறார்கள், நம்மிடம் கணக்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள், அனுப்பு என்றார். இன்னொருவர் எப்போதும் சங்கத்துக் குரலில் பேசுகிறவர். காலியிடத்தை நாமே ஓசியில் நிரப்பிக் கொடுத்தால் அங்கே ஆள் போட வேண்டிய அவசரம் யாருக்கும் வராது, நம் பிள்ளை கற்றுக்கொள்ளப் போகிறாளா கூலி இல்லாத வேலைக்குப் போகிறாளா என்று கேட்டார். இரண்டு பேர் சொன்னதும் சரி. இரண்டு சரிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்வதுதான் இந்தப் பொறுப்பின் முழு விவரம் என்று சொல்லலாம். கணக்குப் பிரிவில் ஒரே ஒரு பெண்தான் போகச் சம்மதித்தாள். அவளுக்குக் கல்லல் தாண்டி சொந்தக்காரர் வீடு இருந்தது. அனுப்பினேன். அனுப்பியது தவறு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

பயிற்சி நடுவில் போய்ப் பார்ப்பது வழக்கம். போனபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று கொஞ்சம் கேட்டேன். குரல் நன்றாக இருந்தது, பிள்ளைகள் அவளைப் பிடித்துப்போய் உட்கார்ந்திருந்தது முகத்திலேயே தெரிந்தது. அப்புறம் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அவளுடைய பாடக்குறிப்பு நோட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வழிகாட்டி ஆசிரியர் கையொப்பம், மேலே 'நன்று' அல்லது 'மிக நன்று'. கையொப்பம் போட்டிருந்தவர் தமிழாசிரியர். கணக்குக்கு ஆள் இல்லாததால் யாராவது ஒருவர் போட்டாக வேண்டும் என்று தலைமையாசிரியை அவரிடம் விட்டிருக்கிறார். அவரும் பொறுப்பில்லாமல் கிறுக்கவில்லை, அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரியையும் படித்திருக்கிறார். 'சமன்பாட்டை தீர்க்க' என்று இருந்த இடத்தில் சிவப்பு மையில் ஒரு 'த்' சேர்த்திருந்தார். 'தீர்வுக் காண்க' என்று இருந்த இடத்தில் 'க்'கை அடித்திருந்தார். நோட்டு முழுக்க ஒரு சந்திப் பிழை பாக்கியில்லை.

அதே பக்கத்தில், சிவப்பு மைக்கு இரண்டு வரி கீழே, ஓர் இருபடிச் சமன்பாடு. எக்ஸ் ஸ்கொயர் ஈக்வல் டு ஐந்து எக்ஸ். இரண்டு பக்கத்தையும் எக்ஸால் வகுத்து, எக்ஸ் ஈக்வல் டு ஐந்து என்று முடித்திருந்தாள். கணக்கு ஆசிரியர் யார் பார்த்திருந்தாலும் அந்த இடத்தில் பேனா தானாக நின்றிருக்கும். எக்ஸ் சுழியமாகவும் இருக்கலாம், சுழியத்தால் வகுக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து எக்ஸைப் பொதுவாக வெளியே எடுத்தால் சுழியம், ஐந்து என்று இரண்டு மூலங்கள் வரும். இவள் போட்ட வழியில் ஒன்று காணாமல் போய்விட்டது. வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகளின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். அழகான கையெழுத்தில், அடிக்கோடு போட்டு, எக்ஸ் ஈக்வல் டு ஐந்து.

அவளுக்கு இது தெரியாதா? தெரியும். வராண்டாவில் நின்று "இந்த இடத்தைப் பாரும்மா" என்று விரலை வைத்ததும் ஒரே நொடியில், "ஐயோ சார், ஜீரோ போச்சே" என்றாள். பி.எஸ்சி. கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். தெரிந்ததைக் கரும்பலகையில், நாற்பது பிள்ளைகளைப் பார்த்தபடி, மணி அடிப்பதற்குள் போடும்போது தவறவிடுவது வேறு. எல்லாருக்கும் நடக்கும். அப்படி நடக்கும்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்சம் புருவத்தைத் தூக்க ஓர் ஆள் இருக்க வேண்டும், பயிற்சிக் காலம் என்று ஒன்று இருப்பதே அதற்காகத்தான். மறுநாள் அவள் அந்தக் கணக்கைத் திரும்பப் பலகையில் எழுதி, "இதுல நான் ஒரு விடையைத் தொலைச்சிட்டேன், யார் கண்டுபிடிக்கிறீங்க" என்று கேட்டிருக்கிறாள். கண்டுபிடித்தார்களாம். சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சந்தோஷம் பாதிக்கு மேல் ஏறவில்லை. நான் போன நாளில் அகப்பட்டது இது. நான் போகாத நாட்களில் என்னென்ன போயிற்று என்பதற்கு ஒரே சாட்சி, சந்திப் பிழை இல்லாத அந்த நோட்டு.

பத்துப் பேருக்கு ஒரு வகுப்பு, ஒரு வகுப்புக்கு யாரும் இல்லை

இந்தப் பக்கத்துக் கதை இப்படி என்றால் டவுனுக்குள் கதை நேர் எதிர். பேருந்து வசதியுள்ள, பெயர் பெற்ற பள்ளிகளில் நாலைந்து கல்லூரிகளின் பிள்ளைகள் ஒரே சமயத்தில் போய் நிற்பார்கள். ஆயிரம் மாணவர் வரை உள்ள பள்ளியில் பத்துப் பயிற்சி ஆசிரியருக்கு மேல் கூடாது, இரண்டாயிரம் வரை என்றால் இருபது என்று குழுமத்தின் விதிகளிலேயே கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியும் தன் பத்தைத்தான் எண்ணும், பக்கத்துக் கல்லூரியின் பத்தை யார் எண்ணுவது? அங்கே அனுபவமுள்ள கணக்கு ஆசிரியர் இருப்பார், பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய ஆசிரியர்தான். ஆனால் பத்தாம் வகுப்பைப் பயிற்சி ஆசிரியர் கையில் கொடுக்க மாட்டார். கொடுத்தால் தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்வது அவர். எனவே எங்கள் பிள்ளைக்குக் கிடைப்பது ஆறாம் வகுப்பில் வாரத்துக்குச் சில பாடவேளை, மீதி நேரம் நூலகத்தில் புத்தகம் அடுக்குவது, விடைத்தாளில் மதிப்பெண் கூட்டுவது, ஆண்டு விழாவுக்கு மேடைத் தோரணம் வெட்டுவது. ஓரிடத்தில் ஆசிரியர் இருக்கிறார், வகுப்பு இல்லை. இன்னோரிடத்தில் வகுப்பு இருக்கிறது, ஆசிரியர் இல்லை. இரண்டு இடத்திலும் பதினாறு வாரம் முடிந்ததும் ஒரே மாதிரிச் சான்றிதழ்தான் வரும்.

வழிகாட்டி ஆசிரியர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அவருக்கு ஒரு பாடவேளைகூடக் குறைவதில்லை. பயிற்சிக்கு வந்த பிள்ளையின் வகுப்பில் உட்கார்ந்து கவனிப்பது, குறிப்பைத் திருத்துவது, பிறகு பேசுவது எல்லாம் அவருடைய சொந்த நேரத்தில். எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் விவரம் ஏற்றுவதும் சத்துணவுக் கணக்கும் போக மீந்திருக்கிற நேரத்தில் என்று சொல்வது சரியாக இருக்கும். 1964-இல் அமைந்த கோத்தாரி கல்விக் குழு 1966-இல் கொடுத்த அறிக்கையிலேயே இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறது. பயிற்சிக் கல்லூரிகளோடு சேர்ந்து வேலை செய்யத் தேர்ந்தெடுத்த பள்ளிகளைக் கல்வித்துறை தனியாக அங்கீகரிக்க வேண்டும், அவற்றுக்குக் கருவிகளுக்கும் மேற்பார்வைக்கும் தனி மானியம் கொடுக்க வேண்டும் என்பது அது. பள்ளி ஏதோ தயவு செய்து இடம் கொடுக்கிறது என்ற நிலை மாறி, கற்றுக்கொடுப்பதில் அதுவும் ஒரு பங்காளி என்று ஆகியிருக்கும். நாங்கள் இன்னும் அனுமதி கேட்டுக் கைகட்டி நிற்கிறோம்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1947-இல் காரைக்குடியில் கலைக் கல்லூரி தொடங்கிய அழகப்பச் செட்டியார், பிறகு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் தொடங்கினார், அதோடு மாதிரிப் பள்ளியும் வந்தது. பயிற்சிக் கல்லூரியோடு பள்ளியும் சேர்ந்திருந்தால், கல்லூரியில் பாடம் சொல்லும் ஆள் நினைத்தபோது நடந்து போய் வகுப்பில் உட்காரலாம். எங்களைப் போன்ற சின்னக் கல்லூரிக்குச் சொந்தப் பள்ளி கட்டப் பணம் கிடையாது, ஆசையும் கிடையாது. ஆனால் அந்த ஏற்பாட்டின் சாரம் கட்டடம் இல்லையே. பயிற்சி எடுப்பவரின் வகுப்பில் அந்தப் பாடம் தெரிந்த ஒருவர் அடிக்கடி உட்கார வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆள் பள்ளியில் இல்லையென்றால் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும்.

அடுத்த ஆண்டு அப்படித்தான் செய்து பார்த்தேன். அதே பள்ளி, இடம் அப்போதும் காலி. தலைமையாசிரியையிடம் இரண்டு நிபந்தனை சொன்னேன். ஒருத்தியாக அனுப்ப மாட்டேன், இரண்டு பேராகத்தான் அனுப்புவேன், ஒருத்தி நடத்தும்போது மற்றவள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இரண்டாவது, கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைக் கூட்டி வருவேன், வாரத்தில் சில நாள் கடைசி பெஞ்சில் இடம் கொடுக்க வேண்டும். முதல் நிபந்தனைக்கு உடனே சரி என்றார். இரண்டாவதுக்கு, "எந்த உத்தரவின் பேர்ல சார் அவரை உள்ள விடுறது?" என்று கேட்டார். சட்டப்படி நல்ல கேள்வி. கடைசியில் அவரே பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துத் தீர்மானமாக எழுதிக்கொண்டார். வந்த பெரியவர் உதவி பெறும் பள்ளி ஒன்றில் காலமெல்லாம் கணக்கு எடுத்தவர். பஸ் கட்டணத்தைத் தவிர எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது. "பலகையில எறும்பு மாதிரி எழுதுறீங்களே, பின்னாடி இருக்கிற பய எப்படிப் படிப்பான்?" என்று பிள்ளைகள் முன்னாடியே கேட்டுவிடுவார். இரண்டு பெண்களும் முதல் வாரத்திலேயே வேறு பள்ளி வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். மாற்றவில்லை. பெரியவரிடம் மட்டும், திருத்தத்தை மணி அடித்த பிறகு சொல்லுங்கள் ஐயா என்று கேட்டுக்கொண்டேன். ஓரளவுக்குக் கேட்டார்.

சங்கத்துக் குரல் நண்பர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. முன்னே ஓர் ஆள் ஓசியில் போனாள், இப்போது மூன்று பேர் ஓசியில் போகிறார்கள், காலியிடம் காலியாகவே இருக்கிறது என்கிறார். மறுக்க முடியவில்லை. ஆனால் காலியிடத்தை நிரப்புவது அரசின் வேலை, என்னிடம் கேட்க வேண்டியது நான் அனுப்பிய பெண் கற்றுக்கொண்டாளா என்பது. முதல் ஆண்டுப் பெண் துணிச்சலைக் கற்றுக்கொண்டாள். இவர்கள் இருவரும் பாடம் நடத்தக் கற்றுக்கொண்டார்கள் என்று அவர்களுடைய நோட்டைப் பார்த்துச் சொல்வேன். சிவப்பு மை இப்போது சமன்பாடுகளுக்குள் இருக்கிறது. சந்திப் பிழைகள்தான் பெருகிவிட்டன.

இந்த ஆண்டுப் பட்டியலில் நானாக ஒரு கலம் சேர்த்தேன்: வழிகாட்டி ஆசிரியர் பெயர், அவருடைய பாடம். அந்தக் கலம் படிவத்தில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரி என்று எடுத்துவிட்டு, பட்டியலைப் பழைய மாதிரியே அனுப்பியாயிற்று. பெயர்களைத் தனியாக ஒரு நோட்டில், ஒவ்வொரு பள்ளிக்கும் போன் பண்ணி வாங்கிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் தலைமையாசிரியர்கள், "அதெல்லாம் வந்தப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்கிறார்கள். ஒரு சிலர் யோசித்து, இன்னாரிடம் விட்டால் நன்றாகச் சொல்லிக் கொடுப்பார், அன்னாரிடம் வேண்டாம் என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். அதையும் எழுதிக்கொள்கிறேன். காரைக்குடி சுற்று முடிந்தது. பொன்னமராவதிப் பக்கம் இன்னும் பேச வேண்டும்.